பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கவுன்சில் என்ன செய்ய முடியும்?

சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் கொண்ட ஓர் ஆங்கிலேயத் தெருவில் எது காலி வீடு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கதவின் கடிதத் துளையில் விளம்பரத் தாள்கள் பிதுங்கி நிற்கும். ஜன்னல் திரை ஆண்டுக்கணக்காக ஒரே மடிப்பில் தொங்கும். கூரையோரத் தண்ணீர்க் குழாயில் பட்லியா செடி வேர்விட்டு, கோடையில் ஊதாப் பூ பூக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேர் குழாயை அடைக்கிறது. மழைநீர் வழிந்து சுவரில் இறங்குகிறது. பச்சைப் பாசி படர்கிறது. அதே சுவரின் மறுபுறம் வேறொரு குடும்பம் வாழ்கிறது. அங்கே ஒரு குழந்தையின் படுக்கையறையில் கரும்பூஞ்சை படர்ந்து, ஒட்டிய சுவர்த்தாள் உரிந்து விழுகிறது.

இப்படி ஒரு வீட்டைச் சில ஆண்டுகளாகத் தினமும் கடந்து போகிறேன். அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் தெருவில் இரண்டு கருத்துகள்தான் கேட்கும். ஒன்று, ‘கவுன்சில் நினைத்தால் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாமே’ என்பது. மற்றொன்று, ‘தனியார் சொத்து, கவுன்சிலால் ஒன்றும் செய்ய முடியாது’ என்பது. இரண்டுமே தவறு. கவுன்சில் எனப்படும் இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்களுக்கு இந்த விஷயத்தில் கணிசமான அதிகாரங்கள் இருக்கின்றன. அவை ஒரே சட்டத்தில் இல்லை. பத்துப் பன்னிரண்டு சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் எடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் முழுப் படமும் விளங்கிவிடும்.

முதலில் எந்த வீட்டைக் காலி வீடு என்கிறோம் என்று பார்த்துவிடலாம். விற்பனைக்கும் குடிமாறுதலுக்கும் நடுவே சில வாரங்கள் பூட்டியிருக்கும் வீடு பிரச்சினையே இல்லை. எந்த ஊரிலும் அது இயல்பு. ஆறு மாதத்துக்கு மேல் ஆளில்லாமல், தட்டுமுட்டுச் சாமான்களும் இல்லாமல் கிடப்பதைத்தான் ‘நீண்டகாலக் காலி வீடு’ என்று கணக்கெடுக்கிறார்கள். 2023-இல் இங்கிலாந்தில் அப்படிப்பட்டவை 2,60,000-க்கும் மேல் இருந்தன. அதே நாட்டில் சொந்த இருப்பிடமோ நிலையான வாடகை வீடோ இல்லாமல், கவுன்சில் ஏற்பாடு செய்த தற்காலிக அறைகளில் 1,00,000-க்கும் அதிகமான குடும்பங்கள் நாள்களைக் கடத்திக்கொண்டிருந்தன. காலி வீடு வடக்கே ஒரு பழைய தொழில் நகரத்திலும், வீடில்லாத குடும்பம் லண்டனிலும் இருக்கலாம் என்பதால் ஒன்றை மற்றொன்றுக்கு அப்படியே ஈடுகட்டிவிட முடியாதுதான். ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

வீடு ஏன் காலியாகிறது? பேராசைக்கார முதலாளி ஒருவர் விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியும் உண்டு. ஆனால் அலுவலர்கள் கதவைத் தட்டும்போது பெரும்பாலும் வேறு கதைகளே வெளிவருகின்றன. அம்மா இறந்துவிட்டார், உயிலுக்கு நீதிமன்ற ஒப்புதல் வரவில்லை. அண்ணன் விற்கலாம் என்கிறார், தங்கை வாடகைக்கு விடலாம் என்கிறார், இழுபறி ஐந்தாம் ஆண்டாகத் தொடர்கிறது. உரிமையாளர் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். பழுதுபார்க்கத் தொடங்கிய மகனிடம் பாதியில் பணம் தீர்ந்துவிட்டது. அப்பாவின் பொருள்களைத் தொட மனமில்லாமல் மகள் அந்த வீட்டுப் பக்கமே போவதில்லை. பங்காளிச் சண்டையில் பூட்டிய வீட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் எதுவும் புதிதில்லை.

இதனால்தான் கவுன்சிலின் முதல் கருவி சட்டம் அல்ல, ஓர் ஆள். காலி வீட்டு அலுவலர் என்று ஒருவர் பல கவுன்சில்களில் இருக்கிறார். சில இடங்களில் அந்தப் பொறுப்பு வேறு ஒருவரின் வேலைகளோடு சேர்ந்து கிடக்கிறது. அவருடைய பாதி வேலை துப்பறிவது. உரிமையாளர் யார் என்று நிலப் பதிவேட்டில் தேடலாம்; சில பவுண்டுகள் கட்டினால் யார் வேண்டுமானாலும் நகல் பெறலாம். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் சொத்து விற்பனையாகும்போது பதிவு செய்வது கட்டாயமானது 1990 டிசம்பரில்தான். அதற்கு முன்பு வாங்கி, பிறகு விற்கவே விற்காத வீடு பதிவேட்டில் இல்லாமலே போகலாம். நீண்டகாலமாகப் பூட்டிக் கிடப்பவையோ பெரும்பாலும் அந்த மாதிரி வீடுகள்தாம். அப்போது அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், கவுன்சில் வரிக் கணக்கைப் பார்ப்பார். வரிக்காகத் திரட்டிய பெயர், முகவரி விவரங்களைக் காலி வீட்டுப் பணிக்கும் பயன்படுத்தலாம் என்று 2003-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கிறது.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு கடிதம் போகும். முதல் கடிதம் எப்போதும் மென்மையாகவே இருக்கும்: என்ன சிக்கல், எப்படி உதவலாம்? உதவி என்பது வெறும் வார்த்தையும் இல்லை. கென்ட் மாவட்டக் கவுன்சில் 2005-இல் காலி வீடுகளுக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மார்கேட் போன்ற கடலோர ஊர்களில் விடுமுறைக் கூட்டம் குறைந்து பழைய விடுதிகளும் பெரிய வீடுகளும் பாழடைந்து நின்றன. அவற்றைப் புதுப்பிக்க ஒரு வீட்டுக்கு 25,000 பவுண்டு வரை வட்டியில்லாக் கடன் கொடுத்தது. வீடு விற்றதும் அல்லது குறித்த காலம் முடிந்ததும் கடன் திரும்பி வரும். அதே பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். வேறு கவுன்சில்கள், உரிமையாளரிடமிருந்து வீட்டைச் சில ஆண்டுகள் குத்தகைக்கு எடுத்து, தாங்களே பழுதுபார்த்து, குடிவைத்து, வாடகையில் செலவைக் கழித்துக்கொள்கின்றன.

அடுத்து வரி. இது எல்லோருக்கும் தெரிந்த கருவி, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலி வீட்டுக்கு வழக்கமான கவுன்சில் வரிக்கு மேல் கூடுதல் வரி விதிக்கும் அதிகாரம் 2013 ஏப்ரலில் வந்தது. முதலில் 50 விழுக்காடு. பிறகு படிப்படியாக உயர்ந்தது. 2024 ஏப்ரலிலிருந்து ஓராண்டு காலியாக இருந்தாலே இரண்டு மடங்கு வரி கேட்கலாம். ஐந்தாண்டு கடந்தால் மூன்று மடங்கு, பத்தாண்டு கடந்தால் நான்கு மடங்கு. ஆண்டுக்கு 2,000 பவுண்டு கட்டவேண்டிய வீடு பத்தாண்டு பூட்டிக் கிடந்தால் 8,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உயில் நடைமுறையில் உள்ளவர்களுக்கும், உண்மையாகவே விற்பனைக்கோ வாடகைக்கோ விளம்பரம் செய்திருப்பவர்களுக்கும், பெரிய பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருக்கும் வீடுகளுக்கும் குறிப்பிட்ட காலம் வரை விலக்கு உண்டு. முன்பு சிலர் நாலு நாற்காலியைப் போட்டுவைத்து ‘இது என் இரண்டாவது வீடு’ என்று தப்பித்தார்கள். 2025 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கும் இரட்டை வரி விதிக்கலாம் என்பதால் அந்த வழியும் குறுகிவிட்டது.

வரி என்பது கையில் பணம் வைத்துக்கொண்டு சோம்பி இருப்பவரை எழுப்பும். துக்கத்திலோ குழப்பத்திலோ முடங்கியவரை அது எழுப்பாது; அவருடைய கடனைத்தான் பெருக்கும். அதனால் வரியை மட்டும் உயர்த்திவிட்டு அலுவலரை நியமிக்காத கவுன்சில் பாதி வேலையைத்தான் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கடிதத்துக்கும் பதில் இல்லை, வரிக்கும் அசைவில்லை என்றால் அறிவிக்கைகள் புறப்படும். இங்கேதான் சட்டங்கள் சிதறிக் கிடப்பது தெரியும். கதவு உடைந்து கண்டவர்கள் உள்ளே நுழைகிறார்களா? 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 48 மணி நேர அறிவிப்பில் கவுன்சிலே பலகை அடித்து மூடலாம். அவசரம் என்றால் அறிவிப்பும் தேவையில்லை. எலி பெருகிவிட்டதா? அதற்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம். சுவர் சாய்ந்து தெருவில் விழும் நிலையா? 1984-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம். ஈரம் பக்கத்து வீட்டுக்குள் இறங்குகிறதா? 1990-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்டப்படி நடவடிக்கை எடுக்கத்தக்க தொல்லை என்று பார்க்க இடம் தருகிறது. வீட்டின் தோற்றமே தெருவைக் கெடுக்கிறதா? அதே 1990-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 215-ஆவது பிரிவு. உடைந்த ஜன்னலை மாற்று, தோட்டத்துக் குப்பையை அகற்று, முன்சுவருக்கு வெள்ளையடி என்று இன்ன தேதிக்குள் இன்னின்னதைச் செய்யச் சொல்லி உத்தரவிடலாம்.

உத்தரவை மதிக்காவிட்டால் கவுன்சிலே ஆள் வைத்து வேலையைச் செய்யும். பில் உரிமையாளருக்குப் போகும். அவர் கட்டவில்லை என்றால்? இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழு ஏற்பாட்டின் பல்லும் இங்கேதான் இருக்கிறது.

கட்டாத அந்தத் தொகை வீட்டின் மேல் ஒரு பாத்தியதையாகப் பதிவாகும். தமிழ்நாட்டில் நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறோமே, அந்த வில்லங்கத்தைப் போன்றதுதான் இது. மேலே சொன்ன சட்டங்களில் சிலவற்றின் கீழ் பதிவாகும் வில்லங்கத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: அடமானம் பிடித்த வங்கிக்கு என்ன உரிமையோ, அதே உரிமை கவுன்சிலுக்கும் கிடைத்துவிடும். அதாவது 1925-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டத்தின்படி, கடனை வசூலிக்க வீட்டையே விற்கலாம். இதைத்தான் கட்டாய விற்பனை என்கிறார்கள். கடன் சில ஆயிரம் பவுண்டாக இருந்தாலும் போதும். பல நேரங்களில் இந்த வில்லங்கம் வங்கி அடமானத்துக்கும் முன்னால் நிற்கும். வீடு பெரும்பாலும் ஏலத்துக்குப் போகும். கவுன்சில் தன் கடனையும் செலவையும் எடுத்துக்கொள்ளும். மீதி உரிமையாளருக்குச் சேர வேண்டிய பணம். யாரும் அவருடைய சொத்தை விழுங்கிவிடுவதில்லை. செங்கல்லாக இருந்தது காசாக மாறுகிறது, அவ்வளவுதான்.

வரிப் பாக்கிக்கும் ஏறக்குறைய இதே பாதை உண்டு. பாக்கி 1,000 பவுண்டைத் தாண்டினால் கவுன்சில் நீதிமன்றம் போய் வீட்டின் மேல் கடன் பொறுப்பைப் பதிவுசெய்யலாம். பிறகு விற்க உத்தரவு கேட்கலாம். நான்கு மடங்கு வரி ஏறிக்கொண்டே போகும் வீட்டில் இந்த எல்லையைத் தொட எத்தனை நாளாகும்?

இனி, பெயர் அதிகம் அடிபட்டு, பயன் மிகக் குறைவாக இருக்கும் அதிகாரத்துக்கு வருகிறேன். 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் காலி வீட்டு நிர்வாக ஆணை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 2006-இல் அது நடைமுறைக்கு வந்தது. இதன் கருத்து எளிமையானது. வீடு உரிமையாளருடையதாகவே இருக்கும். நிர்வாகம் மட்டும் கவுன்சிலுக்கு மாறும். கவுன்சில் பழுதுபார்த்துக் குடிவைக்கும். வாடகையில் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சம் இருந்தால் உரிமையாளருக்குக் கொடுக்கும். முதலில் ஓராண்டு வரையிலான இடைக்கால ஆணை. அந்தக் காலத்தில் உரிமையாளர் சம்மதித்தால்தான் யாரையும் குடிவைக்கலாம். அதில் வழி பிறக்கவில்லை என்றால் ஏழாண்டு வரை இறுதி ஆணை. அதற்குச் சம்மதம் தேவையில்லை.

சட்டம் வந்தபோது ஆறு மாதம் காலியாக இருந்தாலே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. இறந்தவர்களின் வீட்டை அரசு பறிக்கிறது என்று பத்திரிகைகளில் பெரும் கூச்சல் எழுந்தது. அன்றைய அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் விதிகளை இறுக்கினார். 2012 நவம்பர் முதல் வீடு இரண்டு ஆண்டாவது காலியாக இருந்திருக்க வேண்டும். அது தெருவுக்குத் தொல்லையாகவோ சமூக விரோதச் செயல்களுக்கு இடமாகவோ ஆகியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அதன் பிறகும் கவுன்சில் தானாக ஆணை பிறப்பிக்க முடியாது. சுதந்திரமான தீர்ப்பாயம் ஒப்புதல் தர வேண்டும். விற்பனைக்கு விட்டிருக்கும் வீடு, விடுமுறை வீடு, உரிமையாளர் முதியோர் இல்லத்தில் இருப்பதால் பூட்டிய வீடு, இராணுவப் பணியில் வெளியே இருப்பவரின் வீடு, உயிலுக்கு ஒப்புதல் கிடைத்து ஆறு மாதம் ஆகாத வீடு ஆகியவற்றைத் தொடவே முடியாது. கூச்சல் போட்டவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படித்திருந்தால் பாதிப் பயம் தணிந்திருக்கும்.

இத்தனை ஆண்டுகளில் நாடு முழுவதும் பிறந்த ஆணைகள் மிகச் சொற்பம். காரணம் கூச்சல் மட்டும் இல்லை, கணக்கும்தான். கூரை இடிந்த வீட்டைச் சீரமைக்க ஆகும் செலவை ஏழாண்டு வாடகையில் எடுக்க முடியுமா? வாடகை குறைந்த ஊர்களில் முடியாது. காலி வீடுகள் அதிகம் இருப்பதோ அந்த ஊர்களில்தான்.

கடைசியில் இருப்பது கட்டாயக் கொள்முதல். 1985-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வீட்டு வசதியைப் பெருக்குவதற்காக ஒரு வீட்டைக் கட்டாயமாக வாங்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. தனிமனிதரின் சொத்துரிமையை மீறும் அளவுக்குப் பொதுநலன் வலுவாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். எழுதிய கடிதங்கள், கொடுத்த வாய்ப்புகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோப்பில் வைக்க வேண்டும். உரிமையாளர் எதிர்த்தால் முடிவு அரசின் கையில். விலை சந்தை மதிப்புப்படி. இதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கட்டாயமாக வாங்கப்படும் சொத்துக்குச் சந்தை விலையோடு ஓர் இழப்புத் தொகையும் கிடைப்பது வழக்கம்; ஆனால் 215-ஆவது பிரிவு போன்ற அறிவிக்கைகளை அலட்சியம் செய்தவருக்கு அந்தக் கூடுதல் தொகை இல்லை. உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு வீட்டை எடுக்கலாம். வாங்கிய வீட்டைக் கவுன்சில் வைத்துக்கொள்வது குறைவு. குறித்த காலத்துக்குள் புதுப்பித்துக் குடியேற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு வீட்டுவசதிச் சங்கத்துக்கோ தனியாருக்கோ விற்றுவிடும்.

ஆனால் வழக்கமாக அதுவரை போவதில்லை. கட்டாயக் கொள்முதல் ஆணை வரப்போகிறது என்று தெரிந்ததும் உரிமையாளர் பேச வருகிறார். ‘இன்ன தேதிக்குள் பழுதுபார்த்துக் குடிவைக்கிறேன்’ என்று எழுதிக் கொடுக்கிறார். கவுன்சில் ஆணையை நிறுத்தி வைக்கிறது. எத்தனை ஆணைகள் பிறந்தன என்று எண்ணி இந்தச் சட்டங்கள் தோற்றுவிட்டன என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம். பின்னால் கட்டாயக் கொள்முதல் நிற்கிறது என்பதால்தான் முன்னால் போகும் மென்மையான கடிதத்துக்குப் பதில் வருகிறது. அந்தக் கடிதத்தை எழுத ஆளே இல்லாத கவுன்சிலில்தான் சட்டம் உண்மையில் செத்துக் கிடக்கிறது.

அதிகாரம் தவறான கையில் என்ன செய்யும் என்பதையும் மறைக்கக் கூடாது. 2002 முதல் 2011 வரை வடக்கு, நடு இங்கிலாந்தின் நகரங்களில் வீட்டுச் சந்தையைப் புதுப்பிப்பதாகச் சொல்லி ஒரு பெரிய அரசுத் திட்டம் நடந்தது. அதில் கவுன்சில்கள் பழைய வரிசை வீடுகளை வாங்கி, ஆள்களை வெளியேற்றி, இடிக்கக் காத்திருந்தன. பிறகு பணம் நின்றுபோனது. லிவர்பூலில் தெருத்தெருவாக வீடுகள் தகரமடித்துக் கிடந்தன. அங்கே காலி வீட்டுக்காரர் வேறு யாருமில்லை, கவுன்சிலேதான்! டொக்ஸ்டெத் பகுதியின் கிரான்பி தெருக்களில் எஞ்சியிருந்த சில குடும்பங்கள் விடவில்லை. காலி வீடுகளின் முகப்புக்கு வண்ணம் அடித்தார்கள், நடைபாதையில் செடி வளர்த்தார்கள், 2011-இல் சமுதாய நில அறக்கட்டளை ஒன்றை அமைத்துக் கெய்ன்ஸ் தெருவின் பத்து வீடுகளைத் தங்கள் பொறுப்பில் எடுத்துப் புதுப்பித்தார்கள். அவர்களோடு உழைத்த அசெம்பிள் என்ற வடிவமைப்புக் குழுவுக்கு 2015-இல் பிரிட்டனின் கலை விருதான டர்னர் பரிசு கிடைத்தது. அதே நகரத்தில் கவுன்சில் 2013 முதல், புதுப்பித்துக் குடியேறுவோம் என்று உறுதி தந்தவர்களுக்குப் பாழடைந்த வீடுகளை ஒரு பவுண்டு விலையில் கொடுத்தது. காசு ஒன்றுதான், கூரை, தரை, மின்கம்பி எல்லாவற்றுக்கும் வாங்கியவர் பல்லாயிரம் பவுண்டு கொட்ட வேண்டியிருந்தது.

பக்கத்தில் காலி வீடு இருப்பவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கவுன்சிலின் காலி வீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். எப்போதிலிருந்து காலி, கடைசியாக யார் வந்து போனார்கள், ஈரம் எந்தச் சுவரில் எப்போது தெரிந்தது என்று தேதியோடும் படத்தோடும் சொல்லுங்கள். எலியோ, உடைந்த கதவோ இருந்தால் தனியாகக் குறிப்பிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம் என்பதால் அது அவருக்கு உதவும்.

காலி வீடு உங்களுடையது என்றால், வந்த கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடாதீர்கள். அந்த அலுவலரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: இந்த வீடு இரண்டு ஆண்டுக்கு மேல் காலியாக இருந்தது என்று உறுதிப்படுத்தும் கடிதம். அப்படிப்பட்ட வீட்டைப் புதுப்பிக்கும் கட்டட ஒப்பந்தக்காரர் 20 விழுக்காட்டுக்குப் பதில் 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வாங்கினால் போதும். அதற்கு ஆதாரமாக வரித்துறை இந்தக் கடிதத்தை ஏற்கிறது. 60,000 பவுண்டு வேலைக்கு 12,000 பவுண்டு வரி 3,000 ஆகக் குறையும். வேலை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். குடியேறிய பிறகு கேட்டால், வீடு எவ்வளவு காலம் காலியாக இருந்தது என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.